சர்வேயில் யாரும் பொய் சொல்வதில்லை

"சர்வேல எல்லாம் ஜனங்க பொய்தான் சார் சொல்வாங்க. அதை நம்பி இன்னொரு தடவை இறங்கணுமா?"

ஒரு நிறுவனத்தின் விற்பனைத் தலைவர் கூட்டத்தில் இப்படிக் கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடினார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். சிறு, நடுத்தர வியாபாரங்களுக்கான கணக்கு மென்பொருளைச் சந்தா முறையில் விற்கும் நிறுவனம் அது. மொபைல் செயலி ஒன்று கொண்டுவரலாமா என்று முன்பு வாடிக்கையாளர்களிடம் சர்வே எடுத்திருந்தார்கள். 'செயலி வந்தால் பயன்படுத்துவீர்களா?' என்ற கேள்விக்குப் பெரும்பாலானோர் 'ஆம்' என்று குறித்திருந்தார்கள். அதை நம்பிச் செயலியை உருவாக்கி, தனிக் கட்டணம் வைத்து வெளியிட்டால், வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. அடுத்த சர்வேயின் கேள்விகளைப் பார்த்துத் தரச் சொல்லித்தான் என்னை அழைத்திருந்தார்கள். வந்து உட்கார்ந்ததும், இனி சர்வேயே எதற்கு என்ற பேச்சு.

அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. வணிக ஆய்வைத் தொழிலாக வைத்திருக்கும் எவரும் இதை அடிக்கடி கேட்டிருப்பார்கள். முடிவு நாம் நினைத்தபடி வந்தால் அது 'வாடிக்கையாளரின் குரல்'. வராவிட்டால் ஜனங்கள் பொய் சொல்கிறார்கள். வழக்கமாகச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுவேன். இந்த முறை மட்டும் ஏனோ உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. தனக்கு ஓர் ஆதாயமும் இல்லாத படிவத்தில், முகம் தெரியாத யாரிடமோ, ஒரு கணக்காளரோ கிடங்கு மேலாளரோ எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? பொய் சொல்வதற்கும் மெனக்கெட வேண்டும். சீக்கிரம் முடித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம் என்று இருப்பவருக்கு அவ்வளவு பொறுமை எங்கே?

சொல்லுக்கும் செயலுக்கும் சம்பந்தமில்லை என்பதற்குக் காட்டப்படும் பழைய சான்று ஒன்று உண்டு. ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஓர் இளம் சீனத் தம்பதியோடு அந்த நாட்டைச் சுற்றினார். சீனர்கள் மீது வெறுப்பு மண்டிக்கிடந்த காலம். ஆனாலும் அவர்கள் போன விடுதிகள், உணவகங்கள் என 251 இடங்களில் ஒரே ஓர் இடத்தில்தான் முடியாது என்றார்கள். பிறகு அதே இடங்களுக்குத் தபாலில், 'சீன இனத்தவரை விருந்தினராக ஏற்பீர்களா?' என்று கேட்டு அனுப்பினார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் 'மாட்டோம்' என்றார்கள். 1934இல் வெளியான அந்தக் கட்டுரையை, மனிதர்கள் சொல்வது ஒன்று செய்வது ஒன்று என்பதற்கு உதாரணமாகவே பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. தபால் கேட்டது ஓர் இனத்தைப் பற்றி. வரவேற்பு மேசையின் முன் வந்து நின்றதோ, நன்றாக உடுத்தி, சிரித்த முகத்தோடு நல்ல ஆங்கிலம் பேசிய இரண்டு பேர். கூடவே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். தபாலைப் பிரித்துப் பதில் எழுதியவரும், அன்றைக்கு மேசையில் இருந்தவரும் ஒரே ஆள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இரண்டு கேள்விகளுக்கு இரண்டு பதில்கள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

சரி, லாபியர் கதையைச் சொல்லி விற்பனைத் தலைவரைச் சமாதானப்படுத்த முடியாது. அவருடைய பழைய படிவத்தையே ஒரு வாடிக்கையாளர் முன்னால் வைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

வாய்விட்டு யோசிக்கச் சொன்னபோது

இதற்கு ஒரு முறை இருக்கிறது. படிவத்தை நிரப்புபவரின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் படிக்கும்போது மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்வது. நாம் குறுக்கே பேசக் கூடாது, விளக்கம் தரக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. 1980களில் உளவியலாளர்களும் புள்ளியியலாளர்களும் சேர்ந்து செம்மைப்படுத்திய முறை இது. அமெரிக்க அரசின் புள்ளியியல் அமைப்புகள் இதற்கென்றே ஆய்வுக்கூடங்கள் வைத்திருக்கின்றன. நமக்கு ஆய்வுக்கூடம் எல்லாம் வேண்டாம். இரண்டு நாற்காலியும், பேசாமல் இருக்கும் பயிற்சியும் போதும். இரண்டாவதுதான் கஷ்டம்.

அந்தப் பெண்மணி ஒரு விநியோக நிறுவனத்தின் கணக்காளர். இந்த மென்பொருளில்தான் நாள் முழுக்க வேலை. பழைய சர்வேயை நிரப்பியவர்களில் அவரும் ஒருவர். படிவத்தைத் திறந்ததுமே, கேள்விக்குப் போகும் முன்பே, ஒரு விஷயம் சொன்னார். "இது எனக்கு வரலை சார். எங்க ஓனர் மெயிலுக்குத்தான் வந்துச்சு. அவர் 'நீயே போட்டு அனுப்பிடும்மா'ன்னு எனக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டாரு." நான் குறித்துக்கொண்டேன். அதன் முழு அர்த்தம் அப்போது உறைக்கவில்லை.

'எங்கள் மென்பொருளின் வேகமும் எளிமையும் உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி அளிக்கின்றன?' ஒன்று முதல் ஐந்து வரை வட்டங்கள். "எளிமையில குறை சொல்ல முடியாது. நானே ஒரு வாரத்துல கத்துக்கிட்டேன். வேகம்னா… மாசக் கடைசில ரிப்போர்ட் எடுக்கும்போது இழுக்கும் பாருங்க, டீ குடிச்சிட்டே வந்துடலாம்." மவுஸ் ஐந்தின் மேல் நின்றது. இரண்டுக்கு வந்தது. மூன்றில் கொஞ்ச நேரம் தயங்கியது. "ரெண்டையும் சேர்த்துக் கேட்டா என்ன பண்றது? சரி, நல்லாத்தான் பண்றாங்க, நாலு போட்டுடறேன்." நாலு. ஒரு ஐந்தும் ஒரு இரண்டும் பெருந்தன்மையில் கலந்து வந்த அந்த நாலு, இன்னும் நூற்றுக்கணக்கான நாலுகளோடு சேர்ந்து, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களோடு அறிக்கையில் உட்கார்ந்திருந்ததை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

அடுத்து, 'கடந்த ஆறு மாதங்களில் எங்கள் உதவி மையத்தை எத்தனை முறை தொடர்பு கொண்டீர்கள்?' தெரிவுகள்: ஒருமுறை கூட இல்லை, 1–2, 3–4, 5 அல்லது அதற்கு மேல். "ஆறு மாசமா… யார் ஞாபகம் வெச்சிருப்பா? போன வாரம் ரெண்டு தடவை கூப்பிட்டேன். பொதுவா மாசம் ஒண்ணாவது இருக்கும்." வாய் கணக்குப் போட்டது, கை கடைசி வட்டத்தை நோக்கிப் போனது. பிறகு நின்றது. "இவங்க கடைசியா வெச்சிருக்கிறதே அஞ்சுதான். அப்ப அஞ்சுக்கு மேல கூப்பிடறதுன்னா ரொம்ப ஓவர் போல. நாமதான் ஜாஸ்தி தொந்தரவு பண்றோமோ?" 3–4ஐ அழுத்தினார். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் அவர் முகத்தில் துளியும் இல்லை. தன் ஞாபகத்தைவிட, மென்பொருள் செய்தவர்கள் போட்டிருக்கும் கணக்கு சரியாக இருக்கும் என்று நம்பினார்.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. 'மொபைல் செயலி அறிமுகப்படுத்தப்பட்டால் பயன்படுத்துவீர்களா?' ஒரு நொடிகூட யோசிக்காமல் 'ஆம்'.

வழக்கத்தை மீறி, ஏன் என்று கேட்டேன்.

"குடுத்தா யூஸ் பண்ணுவேன் சார். எதுக்கு வேணாம்னு சொல்லணும்?"

அது தனிக் கட்டணத்தோடு வந்ததே, வாங்கினீர்களா?

"வாங்கறதா? அது ஓனர் முடிவு பண்ணணும். அவர் ஆபீஸ்லயேதான் இருக்காரு, நானும் சிஸ்டம் முன்னாடிதான் இருக்கேன். போன்ல எதுக்குன்னு கேட்பாரு." பிறகு படிவத்தைச் சுட்டிக்காட்டி, கொஞ்சம் தற்காப்பாகவே சொன்னார். "இதுல 'பயன்படுத்துவீங்களா'ன்னுதானே கேட்டிருக்கு. 'காசு குடுப்பீங்களா'ன்னு எங்க கேட்டிருக்கு?"

அவர் சொன்னதில் பிசிறே இல்லை. கேள்வியை எழுதியவர்களைவிட அவர்தான் அதைக் கவனமாகப் படித்திருந்தார். பயன்படுத்தப்போகிறவர் அவர், பணம் கொடுக்கப்போகிறவர் இன்னொருவர். படிவம் இருவரையும் பிரித்துப் பார்க்கவே இல்லை. நிரப்புவது யார் என்று எந்த இடத்திலும் கேட்கவில்லை. நிறுவனம் மட்டும் அந்த 'ஆம்' எல்லாவற்றையும் 'வாங்குவோம்' என்று படித்துக்கொண்டது. பிறகு ஜனங்கள் மேல் பழி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

படிவமும் பேசுகிறது

உதவி மையக் கேள்வியில் அந்தக் கணக்காளர் செய்ததை நார்பர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஜெர்மனியில் வெகு காலத்துக்கு முன்பே அளந்து காட்டியிருக்கிறார்கள். தினமும் எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஒரு குழுவுக்குத் தந்த தெரிவுகள் அரை மணி நேரத்தில் தொடங்கி 'இரண்டரை மணிக்கு மேல்' என்பதோடு முடிந்தன. இன்னொரு குழுவுக்கு 'இரண்டரை மணி வரை' என்பதுதான் முதல் தெரிவு. அங்கிருந்து நாலரைக்கு மேல் வரை போனது. முதல் குழுவில் இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.2 சதவீதம். இரண்டாவது குழுவில் 37.5. கட்டுரை 1985இல் வந்தது. தொலைக்காட்சி நேரம் போன்ற விஷயத்தை யாரும் மனதில் கணக்கெழுதி வைப்பதில்லை. ஆகவே, தெரிவுகளின் நடுப்பகுதி சராசரி மனிதன், முனை என்பது அளவுக்கு மீறியவன் என்று ஊகித்துக்கொண்டு, தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து ஒரு வட்டத்தை நிரப்புகிறார்கள்.

அதே ஷ்வார்ட்ஸின் 1991ஆம் ஆண்டு ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. 'வாழ்க்கையில் எவ்வளவு வெற்றி பெற்றிருக்கிறீர்கள்?' என்ற ஒரே கேள்வி. பதினொரு புள்ளி அளவுகோல். முனைகளில் ஒரே சொற்கள். மாறியது எண்கள் மட்டும்தான். ஒரு பாதிப் பேருக்கு 0 முதல் 10 வரை, மற்றவர்களுக்கு –5 முதல் +5 வரை. முதல் வகையில் அளவுகோலின் கீழ்ப்பாதியில் (0 முதல் 5 வரை) தங்களை வைத்தவர்கள் 34 சதவீதம். அதே கீழ்ப்பாதி –5 முதல் 0 என்று எழுதப்பட்டபோது 13 சதவீதம். பூஜ்யம் என்றால் பெரிதாகச் சாதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மைனஸ் ஐந்து என்றால் தோற்றுப்போனவன் என்று ஒப்புக்கொள்வது போல. வட்டத்தின் கீழே சின்ன எழுத்தில் போடும் எண்கூட ஏதோ சொல்கிறது, படிப்பவர் அதைக் கேட்கிறார். எண்ணா, நட்சத்திரமா, சிரிக்கும் முகமா என்பதை வடிவமைப்பாளரின் ரசனைக்கு விட்டுவிடும் நிறுவனங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த 34ம் 13ம்தான் ஞாபகம் வரும்.

இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்டாலும் இதேதான். ஜார்ஜ் பிஷப்பும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் '1975ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டம்' பற்றிக் கருத்துக் கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. மூன்றில் ஒரு பங்குப் பேர் ஆதரித்தோ எதிர்த்தோ கருத்துச் சொன்னார்கள். கருத்து ஏதும் உண்டா என்று முதலில் கேட்டுவிட்டுத் தொடர்ந்தபோது அந்தப் பங்கு வெகுவாகச் சுருங்கியது. இதைப் படித்துவிட்டு ஜனங்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் ஒருவர் மெனக்கெட்டு வந்து ஒரு சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால், அது இருக்கும் என்று நம்புவதுதானே மரியாதை? தெரியாது என்று சொல்ல வட்டம் வைக்காதது யார் தவறு? வணிக சர்வேக்களில் போட்டி பிராண்டுகளின் பட்டியலைக் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் கட்டாயமாக மதிப்பெண் கேட்கும்போது, நாமும் அந்தப் பொது விவகாரச் சட்டத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கேள்வியின் அமைப்பு எவ்வளவு தூரம் கவிழ்க்கும் என்பதற்கு 1992இல் அமெரிக்காவில் ரோப்பர் நிறுவனம் எடுத்த கணிப்பைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா என்கிற ரீதியில் ஒரு கேள்வி. இல்லை என்பதற்குள் இன்னோர் இல்லை. 22 சதவீதம் பேர் 'சாத்தியம்' என்றார்கள். நாடே அதிர்ந்தது. 1994இல் சிக்கலை அவிழ்த்து நேராகக் கேட்டபோது அது 1 சதவீதமாக இறங்கியது. படுகொலையை மறுப்பவர்கள் இரண்டே ஆண்டில் மனம் மாறிவிடவில்லை. முதல் கேள்வியில் பலர் தடுக்கி விழுந்திருந்தார்கள். 'எங்கள் சேவையில் குறையில்லை என்பதை நீங்கள் ஏற்கவில்லையா?' என்ற பாணியில் கேட்கும் படிவங்கள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன.

வரிசையும் சும்மா இருப்பதில்லை. 1948இல் அமெரிக்கர்களிடம், பிற நாட்டுக் கம்யூனிஸ்ட் செய்தியாளர்களை அமெரிக்காவுக்குள் வந்து தாங்கள் பார்த்ததை எழுத விடலாமா என்று கேட்டபோது ஒப்புக்கொண்டவர்கள் சுமார் 36 சதவீதம். ரஷ்யாவில் அமெரிக்கச் செய்தியாளர்களை அனுமதிக்க வேண்டுமா என்று முதலில் கேட்டுவிட்டு இதைக் கேட்டபோது 73. நமக்கொரு நியாயம் அவர்களுக்கொரு நியாயமா என்ற கூச்சம் ஒரே கேள்வியின் இடைவெளியில் வந்துவிடுகிறது. பில்லிங் பிழை, தாமதம், திரும்பாத அழைப்பு என்று பத்துக் குறைகளை நினைவூட்டிவிட்டு, கடைசியில் 'மொத்தத்தில் எங்கள் சேவை எப்படி?' என்று கேட்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். மொத்த மதிப்பீடு முதலில், விவரங்கள் பிறகு என்பதுதான் என் வழக்கம். வயது, பதவி, வருமானம் எல்லாம் கடைசியில்.

விருப்பம் வெளியே தெரியும்போது

படிவத்தை எழுதுபவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்பது எப்படியோ வெளியே கசிந்துவிடுகிறது. ஃபிரெட் ரைக்ஹெல்ட் 2003 டிசம்பரில் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் முன்வைத்த ஒற்றைக் கேள்வி இன்று எல்லாத் திரைகளிலும் இருக்கிறது: நண்பருக்கு எங்களைப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10க்குள் சொல்லுங்கள். 9, 10 கொடுத்தால் ஆதரவாளர். 7, 8 எந்தப் பக்கமும் சேராது. 0 முதல் 6 வரை எல்லோரும் ஒரே கூடையில், அதிருப்தியாளர்கள். ஆறு கொடுத்தவர் 'தேவலை' என்று நினைத்துக் கொடுத்திருப்பார். தன்னைப் பூஜ்யம் கொடுத்தவரோடு சேர்த்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. இதை ஊழியரின் போனஸோடு கட்டிவிட்டால் பிறகு வேடிக்கைதான். 'சார், ஒன்பது பத்து போட்டுடுங்க, கொறைச்சா எனக்குப் பிரச்சனை ஆயிடும்' என்று கேட்கிற ஊழியருக்கு முன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் பத்து போட்டிருக்கிறேன். அந்தப் பத்து அந்த ஊழியருக்கு. நிறுவனத்தைப் பற்றி அது எதையும் சொல்லாது.

ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் வகுத்த ஐந்து படி அளவுகோலும் இப்படித்தான் தேய்ந்துவிட்டது. அவர் பல கூற்றுகளைச் சேர்த்துக் கூட்டி ஒரு மனப்பான்மையை அளந்தார். நாம் ஒரே ஒரு கூற்றை எழுதி, 'முற்றிலும் ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை வைத்துவிட்டு லைக்கர்ட் என்கிறோம். எதைச் சொன்னாலும் 'ஏற்கிறேன்' பக்கம் சாய்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். களைத்துப்போனவர்கள் இன்னும் அதிகமாகச் சாய்வார்கள். 'உதவி மையம் விரைவாகப் பதில் தருகிறது' என்று எழுதி ஒப்புதல் வாங்குவதற்குப் பதில், கடைசியாக அழைத்தபோது சிக்கல் தீர எவ்வளவு நேரமானது என்று கேட்டால், அதற்கு ஆமாம் போட முடியாது. யோசித்தாக வேண்டும்.

பின்பக்கத்திலிருந்து எழுதுவது

விற்பனைத் தலைவரிடம் அந்தக் கணக்காளர் சொன்னதை அப்படியே வாசித்துக் காட்டினேன். 'காசு குடுப்பீங்களான்னு எங்க கேட்டிருக்கு' என்ற இடத்தில் அவர் சிரித்துவிட்டார். அடுத்த சர்வேயைத் தொடரலாம் என்றார், ஆனால் சுருக்கமாக வேண்டும் என்றார். சுருக்குவதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. எதை வைத்துச் சுருக்குவது என்பதுதான் தகராறு. கேள்விகளை எழுதும் முன் அறிக்கையின் அட்டவணைகளை வெறுமையாக வரைந்து அவர்கள் முன் வைத்தேன். இந்தக் கட்டத்தில் 30 சதவீதம் என்று வந்தால் என்ன செய்வீர்கள், 60 வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தக் கேள்வி வேண்டாம். லோகோவின் நிறம் பற்றி ஒரு கேள்வி இருந்தது. எந்த எண் வந்தாலும் நிறத்தை மாற்றப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகும் அதை எடுக்க மனமில்லாமல் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்படி வடிகட்டியதில் பழைய படிவத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

மிஞ்சியதில் முதல் கேள்வி, நீங்கள் இந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்களா, வாங்குவதை முடிவு செய்கிறீர்களா, இரண்டுமா என்பது. பதிலைப் பொறுத்துப் பாதை பிரியும். எதிர்காலத்தைப் பற்றிய கேள்விகளைக் கூடியவரை இறந்தகாலத்துக்கு மாற்றினோம். நாளைக்கு என்ன செய்வேன் என்பதை யாராலும் நல்லெண்ணம் கலக்காமல் சொல்ல முடியாது. 'செயலி வந்தால் பயன்படுத்துவீர்களா' என்பது, 'கடந்த ஏழு நாட்களில், அலுவலகத்துக்கு வெளியே இருந்தபோது கணக்கு விவரம் எதையாவது பார்க்க வேண்டி வந்ததா? அப்போது என்ன செய்தீர்கள்?' என்று ஆனது. ஆறு மாதம் ஏழு நாளாகச் சுருங்கியதும், எண்ணிக்கைக்குத் தெரிவுகள் தராமல் வெறும் பெட்டி வைத்ததும் அதே காரணத்துக்காக. முடிவு செய்பவர்களிடம், கடைசியாகக் கூடுதல் வசதி ஒன்றுக்குப் பணம் கொடுத்தது எதற்கு, யார் கேட்டு, யார் கையெழுத்திட்டு என்று கேட்டோம்.

விலையை நேராகக் கேட்பதில் மட்டும் கொஞ்சம் இழுபறி. 'இதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?' என்று கேட்டால் பேரம்தான் வரும். நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் பீட்டர் வான் வெஸ்டெண்டார்ப் 1976இல் முன்வைத்த நான்கு கேள்விகள் ஓரளவு பரவாயில்லை: எந்த விலையில் மலிவு என்பீர்கள், எந்த விலையில் தரமே சந்தேகமாக இருக்கும், எப்போது அதிகம் என்று தோன்றினாலும் யோசிப்பீர்கள், எப்போது வேண்டவே வேண்டாம் என்பீர்கள். வாங்குவாரா என்பதற்கு அது பதில் தராது. எந்த எல்லைக்குள் பேசலாம் என்பதைக் காட்டும். அதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் சின்ன அளவில் விற்றுப் பார்ப்பதுதான் வழி. யாரிடம் கேட்பது, எத்தனை பேரிடம் என்பது தனிக் கதை. அதை இன்னொரு நாள் எழுதலாம். 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 லட்சத்துக்கும் மேல் பதில்களைக் குவித்து வைத்துக்கொண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று சொன்னதையும், அவர் அமோகமாக வென்றதையும் நினைவூட்டினாலே போதும்.

புதிய படிவத்தின் முடிவு வந்தபோது விற்பனைத் தலைவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அலுவலகத்துக்கு வெளியே கணக்கைத் தேடியவர்கள் குறைவு. தேடியவர்களில் பலர் கணக்காளரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டு வேலையை முடித்திருந்தார்கள். கணக்காளர்களோ மாதக் கடைசி வேகத்தைப் பற்றித் திறந்த பெட்டியில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். இந்த முறை யாரும் பொய் என்று சொல்லவில்லை. ரிப்போர்ட் ஏன் இழுக்கிறது என்று பார்க்கச் சொல்லி மென்பொருள் குழுவுக்கு மெயில் போனது.

பெயர் வேண்டாம், துறை மட்டும் சொல்லுங்கள்

இவ்வளவு சொன்ன பிறகு, தலைப்பில் உள்ளதை நானே கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது. தெரிந்தே உண்மையை மாற்றிச் சொல்லும் இடங்கள் உண்டு. சட்டத்தை மீறியது, குடிப்பழக்கம், வருமானம் என்று பதில் சொல்பவருக்கே ஆபத்தோ வெட்கமோ வரக்கூடிய கேள்விகள். ஸ்டான்லி வார்னர் 1965இலேயே இதற்கு ஒரு தந்திரம் சொன்னார்: எதிரெதிரான இரண்டு கூற்றுகளில் எதற்குப் பதில் சொல்வது என்பதை ஒரு சுழல்முள் முடிவு செய்யட்டும், எந்தக் கூற்று வந்தது என்பது கேட்பவருக்குத் தெரியாது, ஆனால் சுழல்முள்ளின் நிகழ்தகவு தெரியும் என்பதால் மொத்த விகிதத்தைக் கணக்கிட்டுவிடலாம். அழகான யோசனை. வணிக ஆய்வில் யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை.

போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஊழியர் திருப்தி சர்வே. முதல் வரியில் 'உங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும், பெயர் தேவையில்லை' என்று தடித்த எழுத்தில் இருக்கும். அடுத்த வரியில் துறை, பதவி, பணியாண்டு, பாலினம், வயது. மூன்று பேர் மட்டுமே இருக்கும் துறையில் இந்த ஐந்தையும் நிரப்பிவிட்டுப் பெயர் எழுதாமல் விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? அப்புறம் 'உங்கள் மேலாளர் உங்கள் கருத்துக்கு மதிப்பளிக்கிறாரா?' என்று கேட்டால், புத்தியுள்ள எவரும் நாலு போட்டுவிட்டுப் போவார். அந்த நாலைப் பொய் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

அதே மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளத் துறை அண்மையில் இப்படி ஒரு படிவத்தை அனுப்பி, சரிபார்த்துத் தரச் சொன்னது. முதல் பக்கத்தில் துறையைத் தவிர எல்லாவற்றையும் அடித்து, பத்துப் பேருக்குக் குறைவான துறைகளைச் சேர்த்து ஒன்றாக்கச் சொல்லித் திருப்பினேன். அப்படியானால் ஒவ்வொரு மேலாளருக்கும் தனி அறிக்கை தர முடியாதே என்று கேட்டார்கள். தர முடியாதுதான் என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.